மைக் ஏன் செத்தது?



போன வருஷ ஆண்டு விழாவை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஏழாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி தனியாகப் பாட வந்தாள். முதல் நாலு வரி அருமையாகப் போனது. திடீர்னு 'டப்'. மைக் இல்லை, லைட்டும் இல்லை. அந்த இருட்டிலும் அவள் பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் மூணாவது வரிசையைத் தாண்டி யாருக்கும் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரே விசில். கரண்ட் வந்தபோது அவள் அழுதுகொண்டே இறங்கிவிட்டாள். "செட் சரியில்லை" என்று எல்லோரும் மைக் செட் அண்ணனைத்தான் திட்டினோம்.

உண்மையில் நடந்தது வேறு. இந்த வருஷ மேடைக் குழுவில் நான் இருக்கிறேன். அதனால் ரெண்டு சனிக்கிழமை அந்த அண்ணன் கடையில் போய் உட்கார்ந்து கேட்டேன். "தம்பி, மைக்கு சாகல. கரண்டுதான் செத்துச்சு. எதை எங்க செருகுனீங்கன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றார்.

யோசித்தேன். செருகியது நான்தான்.

அவள் பாட்டுக்கு அடுத்து எங்கள் நாடகம். தீப்பிடிக்கும் காட்சிக்கு வெளிச்சம் வேணும்னு 1000 வாட் ஹாலஜன் மூணு கொண்டு வந்திருந்தோம். எரியுதான்னு பார்க்க, மேடை ஓரத்தில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் போட்டேன். அதே லைனில்தான் ஆம்ப், மிக்ஸர், போக்கஸ் லைட் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. இப்போ கணக்கைப் பாருங்க. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 3000 வகுத்தல் 230, கிட்டத்தட்ட 13 ஆம்பியர். அந்த லைனின் எம்.சி.பி.யோ 10 ஆம்பியர். எம்.சி.பி. இந்த அளவு சுமைக்கு உடனே விழாது. உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளைந்த பிறகுதான் விழும். அதனால்தான் அவள் நாலு வரி பாடும்வரை தாங்கியது. பத்தாம் வகுப்பில் இந்தக் கணக்கை அஞ்சு மார்க்குக்குப் போட்டவன் நான். பரிட்சையில் மட்டும் போட்டிருக்கிறேன்!

ஆகவே முதல் வேலை, சவுண்டுக்கு ஒரு லைன், லைட்டுக்கு வேறு லைன். லைட் லைன் விழுந்தாலும் மைக் பேசும். இருட்டாக இருந்தாலும் "எல்லோரும் அப்படியே உட்காருங்க" என்று சொல்ல முடியும். கூட்டத்தில் அது எவ்வளவு முக்கியம் என்று சொல்லவே வேண்டாம். இந்தப் பிரிப்பு வேலையை எலக்ட்ரீஷியன்தான் செய்யணும். நாம் போர்டு பக்கமே போகக் கூடாது. மைக்கைத் தொட்டால் 'ஜிவ்'வென்று இழுத்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். துணியைச் சுற்றிப் பிடிச்சுக்கலாம்னு நினைக்காமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, மைக் 'ஊய்ய்ங்' என்று கத்துகிறதே, அது ஏன்? ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை மைக் திரும்ப வாங்குகிறது. ஆம்ப் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. மறுபடி மைக் வாங்குகிறது. நொடியில் இது சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையாகிவிடும். அப்போது நாம் பயந்துபோய் மைக்கின் தலையைக் கையால் பொத்துவோம். அதுதான் தப்பு! முன்பக்கச் சத்தத்தை மட்டும் அதிகமாக வாங்கும்படி செய்த மைக் அது. பொத்தினால் நாலா பக்கமும் வாங்க ஆரம்பித்து இன்னும் கத்தும். ஸ்பீக்கர் பாக்ஸ் முன்னாடி, மைக் அதற்குப் பின்னாடி. இப்படி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதி நம் வாயில் இருக்கிறது. தூரம் பாதியானால் ஒலிச்செறிவு நாலு மடங்கு. 40 சென்டிமீட்டர் தள்ளிப் பேசுகிறவர் 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 64 மடங்கு! வால்யூமைக் கூட்டவே தேவையில்லை. நம் தலைமை விருந்தினர்கள் பலர் மைக்கைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போய் நிற்கிறார்கள். (யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை!)

'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் கேட்குமே, அது நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ். மைக் வயரும் பவர் வயரும் ஒட்டி உறவாடிக்கொண்டு போனால் வரும். தள்ளிப் போடணும், குறுக்கே போயே ஆகணும்னா சரியாகச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். நல்ல மைக் வயரில் மூணு பின் இருக்கும். அதில் ரெண்டு கம்பிகளில் ஒரே ஒலி எதிரெதிராகப் போகும். வழியில் ஒட்டும் இரைச்சல் ரெண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். கடைசியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் பூஜ்யம், பாட்டு இரட்டிப்பு. கணக்கு வாத்தியார் கண்டுபிடித்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

இனி வேப்பமரத்துப் பிரச்சினை. மேடையிலிருந்து வேப்பமரம் சுமார் 70 மீட்டர். அங்கே நிற்கிறவர்களுக்குக் கேட்கலைன்னு போன வருஷம் மரத்தடியில் இன்னொரு பாக்ஸ் வைத்தார்கள். கேட்டது, ஆனால் எல்லாமே ரெண்டு தடவை கேட்டது. ஒலி நொடிக்கு சுமார் 345 மீட்டர்தான் போகும். மேடைச் சத்தம் மரத்தடிக்கு வர 0.2 நொடி ஆகிறது. வயரில் போன சத்தமோ உடனே வந்துவிடுகிறது. மரத்தடி பாக்ஸுக்குப் போகும் ஒலியை அதே 0.2 நொடி தாமதப்படுத்தினால் சரியாகிவிடும். அண்ணனுடைய புது மிக்ஸரில் அதற்குத் தனி வசதியே இருக்கிறது. "தூரத்தை அளந்து சொல்லுங்க தம்பி, நான் போட்டுடுறேன்" என்றார். அளந்து கொடுத்தாச்சு.

இந்த வருஷம் எல்.இ.டி. ஸ்கிரீன் வேறு வருகிறது. கேமரா பிடித்த படம் ஸ்கிரீனுக்கு வருவதற்குள் நாலு பிரேம் தாமதமானால், நொடிக்கு 25 பிரேம் கணக்கில் 0.16 நொடி. முன் வரிசையில் இருப்பவருக்குப் பேச்சு முதலில், வாயசைவு பிறகு. ஆனால் 55 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மேடைச் சத்தமும் அதே 0.16 நொடி தாமதமாக வருவதால் ரெண்டும் கச்சிதமாகப் பொருந்தும். பின்னாடி நிற்பதில் இப்படி ஒரு லாபம்! கிட்ட உட்காருகிறவர்கள் மேடையைப் பாருங்கள், ஸ்கிரீனைப் பார்க்காதீர்கள்.

மேடையில் சாக்பீஸால் வட்டம் போட்டிருப்போம். அதில் நின்றால்தான் முகத்தில் லைட் விழும். கீழேயிருந்து நேராக லைட் அடித்தால் பேய் மாதிரி தெரியும். பேய் வேஷம் போடுபவர்கள் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நிகழ்ச்சி சொதப்பலாம். சவுண்டுக்கு ஒருவர், லைட்டுக்கு ஒருவர், ஸ்கிரீனுக்கு ஒருவர், திரைக்கு ரெண்டு பேர். எப்போது என்று இவர்களுக்கு யார் சொல்வது? போன வருஷம் எல்லோரும் சொன்னோம். பி.டி. சார் ஒன்று, நான் ஒன்று, ஆடுகிறவர்களின் அண்ணன்மார் ஒன்று. பாட்டு பாதி ஓடிய பிறகுதான் திரை திறந்தது.

1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 'லைவ் எய்டு' என்ற பெரிய நிகழ்ச்சி நடந்தது. எத்தியோப்பியாப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட, அன்றே அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் நடந்தது. நேரம் தவறினால் உலகம் முழுக்க டி.வி.யில் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் பாடுகிறவர்களுக்கு நேரத்தைக் காட்ட வெம்ப்ளி மேடையில் டிராபிக் சிக்னல் மாதிரி விளக்கு வைத்தார்கள். அப்படி இருந்தும் பால் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தபோது முதல் சில நிமிஷம் அவருடைய மைக் வேலை செய்யவில்லை! பெரிய இடத்திலும் நடக்கும் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

விளக்கு யோசனையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ரெண்டு டார்ச், ஒன்றில் சிவப்புச் செல்லோபேன் தாள், ஒன்றில் பச்சை. சிவப்பு என்றால் 'தயார்', பச்சை என்றால் 'போடு'. டார்ச் ஒரே ஒருவர் கையில்தான் இருக்கும்: 12-ஆம் வகுப்பு அக்கா. அவர் பச்சை காட்டாமல் தலைமையாசிரியரே சொன்னாலும் திரை திறக்காது (ஐயா மன்னிக்கவும், அனுமதி வாங்கிவிட்டோம்).

அவர் கையில் ஒரு தாளும் இருக்கும். அதில் ஒரு வரி இப்படி:

9. தனிப்பாடல். மைக் 2 திறக்க. போக்கஸ் நடுவட்டம். ஸ்கிரீன் அணைக்க. திரை முழுதும். 4 நிமிடம்.

நிமிடம் எழுதக் காரணம் உண்டு. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. போன வருஷம் முன்னால் எல்லாம் இழுத்ததால் கடைசியில் ஒன்பதாம் வகுப்பு நடனம் ஆடாமலே போனது. அதனால் பாட்டை மாற்றணும், வரிசையை மாற்றணும் என்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். பாட்டை ஒரே பென் டிரைவில், நிகழ்ச்சி எண் போட்டுக் கொடுங்கள். போனில் இருக்குண்ணான்னு மேடைக்குக் கீழே வந்து நிற்காதீர்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் ஊருக்கே ரிங்டோன் கேட்கும்.

அந்தத் தங்கச்சியைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். ஹாலஜன் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இந்த வருஷமும் பாடுறியா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிளக்கை யாருண்ணா பாத்துக்கிறா?" என்று கேட்டாள். எலக்ட்ரீஷியன் என்றேன். சரி என்றாள். மேலே உள்ள 9-வது எண் அவளுடையதுதான்.

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன், மேடைக் குழு