பறக்கும் வீரனும் பணிமனை எழுத்தரும்

படக்கதையா? பாலர் விளையாட்டுதானே என்று பரிகாசம் பேசுவோர் உண்டு. அவர்களுக்கு அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரைக் காட்டுகிறோம்.

அந்நகர இளைஞர் இருவர், சீகலும் ஷூஸ்டரும், விண்ணில் பறக்கும் 'சூப்பர்மேன்' எனும் வீரனைப் படைத்தனர். 1938இல் அவன் உரிமையை 130 டாலருக்கு விற்றனர். வாங்கிய நிறுவனம் செல்வம் குவித்தது. படைத்தவர்களோ 1947இல் உரிமை கேட்டு வழக்குமன்றப் படியேறினர்!

அதே நகரில் மற்றொருவர், ஹார்வி பீக்கர். மருத்துவமனையில் கோப்பு அடுக்கும் எழுத்தர். ஓவியம் வராது அவருக்கு. குச்சி உருவங்கள் கிறுக்கி, உரையாடல் எழுதித் தருவார். ராபர்ட் கிரம்ப் போன்ற ஓவியர்கள் வரைந்து தருவர். 1976இல் சொந்தப் பணம் போட்டு 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' ஏட்டை வெளியிட்டார். அதிலே பறக்கும் வீரன் இல்லை. வேலையிடத்துப் பேச்சு, கடையிலே காத்துநிற்கும் வரிசை, காசில்லாக் கவலை! இவைதான் கதை. உரிமையும் அவருடையதே!

1987இல் இலக்கியப் பரிசு வந்தது. ஆயினும் 2001இல் ஓய்வு பெறும்வரை கோப்புகளைவிட்டு அவர் அகலவில்லை. வயிற்றுக்குச் சம்பளம், வாழ்வைச் சொல்ல ஏடு!

தோழர்களே! உழைப்பவன் வாழ்வு ஏட்டிலேறத் தகாததா? தகும் என்றார் அந்த எழுத்தர். தாமே எழுதியும் காட்டினார். நம் கதையை எவரோ எழுதுவார் என்று நாம் காத்திருப்பானேன்?