மேஜையை எங்கே போடுவது?

சென்ற வருஷம் என் மாணவன் ஒருவனுக்காக ஒரு காரியாலயத்தின் படி ஏற நேர்ந்தது. எந்தக் காரியாலயம் என்பது இங்கே அவசியமில்லை. உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்ய ஒரு சான்றுப் பத்திரம் வேண்டும். கெடுவோ மறுநாளுடன் முடிகிறது. அன்றாடம் கூலி வேலை செய்யும் அவன் தந்தை, அன்றைய கூலியை விட்டுவிட்டு என்னுடன் வந்திருந்தார்.

அங்கே யாரும் சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை. மனுவைப் பதிவு செய்பவர் வாசலருகே இருந்தார். சரிபார்ப்பவர் கூடத்தின் கோடியில். பழைய ரிஜிஸ்தர்கள் மாடியில். முத்திரை வைப்பவரோ மறுபடியும் வாசலருகே! காகிதத்தைச் சுமந்து செல்ல ஒரே பியூன். மாலை ஐந்து மணி அடித்தபோது எங்கள் மனு கடைசிக் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. மறுநாளும் அந்தத் தந்தை வந்தார். கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கையில் பத்திரம் கிடைத்தது. மனிதர்கள் பேரில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றம் மேஜைகள் போடப்பட்டிருந்த விதத்தில் இருந்தது.

"மேஜை போடுவதும் ஒரு சாஸ்திரமா?" என்று வாசகர்கள் நகைக்கலாம். சாஸ்திரந்தான். அமெரிக்காவில் வில்லியம் ஹென்றி லெஃபிங்வெல் என்பவர் 1917-ம் வருஷத்திலேயே காரியாலய நிர்வாகத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். குடிதண்ணீரை எங்கே வைப்பது என்பதைக்கூட அவர் கணக்குப் பார்த்தார். அந்தக் கணக்கை நாமும் போடலாம். குமாஸ்தாக்கள் நூறு பேர். தண்ணீர் ஐம்பது அடி தூரத்தில். ஒவ்வொருவரும் நாளைக்கு ஐந்து தடவை போய் வருகிறார்கள். ஒரு நாளைக்கு 50,000 அடி, அதாவது ஏறக்குறைய ஒன்பதரை மைல். வருஷத்தில் 300 நாள் வேலையென்றால் 2,800 மைலுக்கு மேல்! குமரி முதல் இமயம் வரை நடந்தாலும் இவ்வளவு ஆகாது.

ஆனால், அடிகளை மட்டும் எண்ணியவர்கள் ஆட்களை மறந்தார்கள். மேற்பார்வையாளரின் கண்ணுக்கு எல்லோரும் தெரியும்படி, பள்ளிக்கூடப் பெஞ்சுகளைப் போல மேஜைகளை வரிசையாகப் போட்டார்கள். அப்படி உட்கார வைத்தால் நிசப்தம் கிடைக்கும். வேலை கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. இருபது வருஷ உபாத்திமைத் தொழிலில் நான் கண்ட உண்மை இது.

1950-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் ஷ்னெல்லே சகோதரர்கள் வேறு வழி கண்டார்கள். பதவி வரிசையை ஒதுக்கிவிட்டு, காகிதம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, யார் யாருடன் பேச வேண்டியிருக்கிறது என்று ஆராய்ந்து, அதன்படி மேஜைகளை அமைத்தார்கள். சுவர்களுக்குப் பதிலாகச் செடிகளும் சிறு தடுப்புகளும் வைத்தார்கள். யோசனை நல்லதே, இரைச்சல்தான் பொறுக்க முடியாததாயிற்று.

பிறகு அமெரிக்காவில் ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவர் ஹெர்மன் மில்லர் கம்பெனிக்காக, அவரவர் சௌகரியம்போல் மாற்றிக்கொள்ளக்கூடிய தடுப்புகளை 1968-ல் அமைத்துக் கொடுத்தார். உழைப்பவனுக்குச் சுதந்திரம் தருவதே அவர் நோக்கம். முதலாளிகளோ அவற்றைக் கொண்டே ஒரே கூடத்தில் அதிகம் பேரை அடைக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். தடுப்புகள் கூண்டுகளாயின. பிற்காலத்தில் ப்ராப்ஸ்டே மனம் நொந்தார்.

தடுப்புகளை அடியோடு எடுத்துவிட்டால்? இரண்டு கம்பெனிகளில் அவ்விதம் செய்தபோது நடந்ததை ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர் 2018-ல் வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவிகிதம் குறைந்துவிட்டது, மின்னஞ்சல் பெருகியது. எந்நேரமும் பிறர் பார்வையில் இருக்கும் மனிதன் வாயை மூடிக்கொள்கிறான்!

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? தச்சனைக் கூப்பிடுவதற்கு முன், ஒரு மனுவின் பின்னாலேயே ஒரு நாள் முழுவதும் நடந்து பாருங்கள். அது போகும் வழியை ஒரு தாளில் கோடாக வரையுங்கள். எந்த இரண்டு மேஜைகளுக்கிடையே கோடுகள் அதிகமோ, அவை அருகருகே இருக்கட்டும். தினமும் புரட்டும் ரிஜிஸ்தர் கைக்கெட்டும் இடத்திலும், வருஷத்துக்கு ஒரு தடவை புரட்டுவது மாடியிலும் இருக்கட்டும். கணக்கு எழுதுகிறவரை ஜனங்கள் கூடும் ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். எழுதும் மேஜைக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வருவது நலம். கம்ப்யூட்டர் திரைக்கு ஜன்னல் முன்னும் பின்னும் இல்லாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே உட்காரப் போகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள். பியூனையும் கேளுங்கள், எந்த மேஜை எங்கே இருக்க வேண்டும் என்பது அவர் கால்களுக்குத் தெரியும்.

மேஜையை நகர்த்த இரண்டு ஆள், அரை மணி நேரம் போதும். நகர்த்தாமல் விட்டதற்கு, என் மாணவனின் தந்தை இரண்டு நாள் கூலியைச் செலுத்தினார்.