திடலும் வேண்டும், கூரையும் வேண்டும்

மாலை வேளையிலே கேகாலை மாவட்டத்துத் தோட்ட லயமொன்றை அணுகுவோர் செவியில் முதலில் விழுவது சிறுவர்களின் ஆரவாரமே. யட்டியாந்தோட்டையாயினும் தெரணியகலையாயினும், இறப்பர் மரங்களுக்கிடையே எஞ்சிக் கிடக்கும் ஒரு துண்டு வெட்டவெளிதான் அவர்களுக்கு விளையாட்டுத் திடல். காமன் கூத்து ஆடப்படும் களமும் அதுவே. கலியாணப் பந்தல் எழுவதும் அங்கேதான். ஆயின், அதே லயத்தினுள்ளே எட்டிப் பார்ப்போமானால், ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கிக் கிடக்கக் காண்போம். சொந்தமாக ஒரு வீடு கட்டச் சிறிது நிலம் கிடையாதா என்பது அக்குடும்பத்தின் நெடுநாளைய ஏக்கம்.

திடலும் தேவை, வீடும் தேவை. இவ்விரண்டும் ஒரே நிலத்தின்மீது வந்து மோதினால் யாது செய்வது? நம்மைப் போன்றே இறப்பர் வெட்டி வாழ்ந்த தமிழர் சிலரின் வாழ்வில் இக்கேள்வி எழுந்தது. மலேசியாவின் அதியுயர் நீதிமன்றம் வரை அது சென்றது.

நகரம் விழுங்கிய தோட்டம்

கோலாலம்பூர் நகரின் ஓரத்தே புக்கிட் கியாரா என்னும் இறப்பர்த் தோட்டம் இருந்தது. நகரம் பெருகப் பெருக, அரசாங்கம் அத்தோட்டத்தைப் பொதுத் தேவைக்கென எடுத்துக்கொண்டது. பால் வெட்டியவர்களுக்குத் தொழிலும் போயிற்று, குடியிருப்பும் போயிற்று. 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ நூறு குடும்பங்கள், நம்மவர் லயம் என்று சொல்வதற்கு ஒப்பான நீண்ட வீடுகளிற் குடியமர்த்தப்பட்டன. “இது தற்காலிக ஏற்பாடே, நிலையான வீடு பின்னர் வரும்” என்பதே அவர்கள் பெற்ற வாக்குறுதி. பிள்ளைகள் பிறந்தனர்; பேரப்பிள்ளைகளும் பிறந்தனர்; வாக்குறுதி மட்டும் வாக்குறுதியாகவே நின்றது.

அவ்வீடுகளை அடுத்து, தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்கா சுமார் 25 ஏக்கரிற் பரந்திருக்கிறது. அருகிலுள்ள தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பின் மக்கள் காலையும் மாலையும் அங்கு உலாவச் செல்வர். முதியோர் மூச்சு வாங்க அமர்வர். சிறுவர் ஓடி விளையாடுவர்.

2017ஆம் ஆண்டிலே அப்பூங்காவின் ஏறக்குறைய 12 ஏக்கரில் வானளாவும் மாடி வீடுகளை எழுப்ப மாநகர முதல்வர் அனுமதி வழங்கினார். நாற்பது மாடிகளுக்கும் மேற்பட்ட உயர்தரக் குடியிருப்புக் கட்டடங்கள் எட்டு. அவற்றோடு குறைந்த விலை வீடுகளைக் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்று. இந்த ஒற்றைக் கட்டடத்திலேதான் நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கு இடம் தருவதாகச் சொல்லப்பட்டது.

ஏழையின் வீட்டைக் காட்டிப் பூங்காவை எடுப்பதா என்று அயலவர்கள் கொதித்தெழுந்து, அதே ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். நீண்ட வீட்டு மக்களின் சங்கமோ எதிர்த்தரப்பிலே நின்றது! இதைக் கண்டு நாம் வியத்தலாகாது. முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தவனுக்கு முதன்முதலாக ஒரு கதவு திறக்கும்போது, அதை மூடச் சொல்வோரை அவன் நண்பராகக் கருதுவானா? அயலவர்கள் அவர்களைப் பகைக்கவுமில்லை. அம்மக்கள் இப்பொழுது வாழும் இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுங்கள், பூங்காவை விட்டுவிடுங்கள் என்பதே அவர்களது வாதம்.

நீதிமன்றம் சொன்னது

2018இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, கட்டட அனுமதியை இரத்துச் செய்தது. 2023 ஏப்ரல் 18ஆந் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்திற்று. அத்தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் நளினி பத்மநாதன்.

தீர்ப்பின் சாரம் மாணவர்கள் மனத்திற் கொள்ளத்தக்கது. நகரின் அமைப்புத் திட்டம் அந்நிலத்தைப் பசுமை வெளியாக வகுத்திருந்தது. அத்திட்டம் அலமாரியிற் பூட்டிவைக்கும் காகிதமன்று, அதிகாரியைக் கட்டுப்படுத்துவது. அதினின்று விலக நேரின் அதற்குரிய காரணத்தைக் கூறல் வேண்டும். பாதிக்கப்படும் அயலவர்களின் குரலைக் கேட்டல் வேண்டும். மேலும், அனுமதி வழங்கிய மாநகர முதல்வரே, நிலத்துக்குரிய அறவாரியத்தின் பொறுப்பாளர் குழுவிலும் அங்கம் வகித்தார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவராகலாமோ?

பூங்கா பிழைத்தது. ஆயினும் அத்தீர்ப்பினால் மட்டும் எவருக்கும் ஒரு கூரை எழுந்துவிடவில்லை. மரங்களைக் காத்தவர்கள், மரத்தடியில் வாழ்ந்தோரையும் மறவாதிருந்தாலன்றோ வெற்றி முழுமை பெறும்!

நமக்குள்ள பாடம்

நிலத்தைப் பற்றிப் பெரியோர் பேசும்போது, அதன்மேல் வாழ்வோர் மறக்கப்படுவது நமக்குப் புதிதன்று. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்கென எடுக்கப்பட்டபோது, அங்கிருந்த தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்து நின்றனர். அவர்களுக்காக ஏனைய தோட்டங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நிலமற்ற கிராமத்தவனுக்கும் நிலம் தேவைதான். ஆனால் ஒருவன் தேவைக்கு மற்றவன் குடியிருப்பை விலையாக்கியது நீதியாகுமா?

2015க்குப் பின்னர், தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனிவீடு அமைக்கும் முயற்சி தொடங்கிற்று. வரவேற்கத்தக்கதே. எனினும், காணியை அளந்து கல் நாட்டும் நாளில் நம்மவர் கேட்க வேண்டியவை இரண்டுண்டு. பிள்ளைகள் விளையாடவும் ஊர் கூடவும் பொதுத் திடல் ஒன்று வரைபடத்தில் இருக்கிறதா? வீடெழும் சரிவு உறுதியான மண்தானா? 2016 மே மாதத்துப் பெருமழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயம் மண்ணுட் புதைந்து பல உயிர்கள் மாண்டதை நாம் மறக்கலாகாது. மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து கூறத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் கருத்தைக் கேட்டறிவது நமது உரிமை.

கியாராவின் அயலவர்களுக்கு வெற்றி தந்தது, வரைபடத்தை அவர்கள் படித்தறிந்து வைத்திருந்ததே. நமது தோட்டங்களிலும் எழுத்தறிந்த இளைஞர் இன்று பலர் உளர். கல் நாட்டிய பின்னர் அழுவதைவிட, கல் நாட்டுமுன் வரைபடத்தை விரித்துப் பெற்றோருக்கு விளக்கிக் கூறுதல் அவர்களது கடமையாகும்.