இரவில் வாய் திறக்கும் செடி

வடசென்னையின் காசிமேட்டு மொட்டைமாடியில் செடி வளர்ப்பவர்களுக்கு மூன்று எதிரிகள்: உச்சிவெயில், இலையில் உப்பைப் படியவைக்கும் கடற்காற்று, உவர்ப்பேறிய நிலத்தடி நீர். குடத்தில் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர் சமையலுக்கும் குடிப்பதற்குமே சரியாகப் போகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்த 2019 கோடையைச் சென்னை மறந்துவிட முடியாது. இப்படிப்பட்ட ஊரில், கொஞ்சம் தண்ணீரில் நிறைவாக வாழும் அழகுச்செடியைத் தேடுவோர் 'டிக்கியா'வைப் பார்க்கலாம்.

டிக்கியா, அன்னாசிக்கு உறவு. இரண்டும் புரோமிலியாடு குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒரே ஒரு இனத்தைத் தவிர, மற்ற எல்லாவற்றுக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டங்களே. அன்னாசி 16-ம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்துவிட்டது. டிக்கியாவோ பிரேசில் முதல் அர்ஜென்டினா வரை, பெரும்பாலும் பாறை இடுக்குகளில் வேர்பிடித்து வெயிலில் காய்ந்து பழகிய செடி. தடித்த இலைகள், ஓரங்களில் கொக்கி முள், பல வகைகளில் வெள்ளிப்பூச்சுப் போன்ற செதில்கள்.

இதன் சிக்கனத்தின் ரகசியம் இலைத்துளைகளில் இருக்கிறது. மாமரமும் வேம்பும் பகலில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன. அதே வழியில் ஏராளமான நீர் ஆவியாகிவிடுகிறது. டிக்கியாவோ, ஊர் உறங்கும் நேரத்தில் விழித்து வேலை பார்க்கும் காசிமேட்டு மீன் ஏலத்தைப் போல, காற்று குளிர்ந்த பிறகே துளைகளைத் திறக்கிறது. உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலையில் சேர்த்துவைக்கிறது. பொழுது விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்தச் சேமிப்பிலிருந்து சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது.

இந்த இரவு அமிலத்தை நாக்கால் அறிந்து எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர், நம் மண்ணில் வாழ்ந்த பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரானவர். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் புளிப்பு போய்விடுகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815-ல் அச்சானது. அந்தப் புளிப்பின் காரணத்தை அறிவியல் முழுமையாக விளக்க 20-ம் நூற்றாண்டு வரை ஆயிற்று.

இனி வளர்ப்புக்கு வருவோம். தொட்டியின் அடித்துளை அடைபடக் கூடாது. செம்மண், ஆற்றுமணல், உடைத்த செங்கல் துண்டு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, கொஞ்சம் மட்கிய எரு சேர்த்தால் போதும். அருகிலேயே கிடைக்கிறதே என்று கடல் மணலை அள்ளிப் போட வேண்டாம். அதிலுள்ள உப்பு வேரைக் கெடுக்கும். நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே இருந்த செடியை நேராக மே மாத வெயிலில் வைத்தால் இலை கருகும். காலை வெயிலில் தொடங்கி, சில வாரங்களில் முழு வெயிலுக்குப் பழக்க வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகு நன்றாக ஊற்ற வேண்டும். டிக்கியாவைப் பட்டினி போட்டால் எளிதில் சாகாது, ஆனால் வளராது. உவர்ப்பான போர்வெல் தண்ணீரே கதி என்றால், ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியை நனையவிடுங்கள். மண்ணில் சேர்ந்த உப்பு கரைந்து வெளியேறும். இலைமேல் படிந்த உப்பையும் தூசியையும் அவ்வப்போது நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவுவது நல்லது. இக்குடும்பத்துக்குச் செம்பு ஆகாது என்பதால் போர்டோ கலவை போன்ற செம்பு மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்.

இதே குடும்பத்தில் நர்சரிகளில் அதிகம் கண்ணில் படுபவை, இலைகளின் நடுக் குழிவில் நீரைத் தேக்கும் எக்மியா, நியோரெஜீலியா வகைகள். நிறத்தில் அவை டிக்கியாவை மிஞ்சும். ஆனால் தேங்கிய நல்ல நீரில், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நம் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். அவற்றை வளர்ப்பவர்கள் மூன்று நாளுக்கு ஒருமுறை பழைய நீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் புதுநீர் விடுவது கட்டாயம். வீடுகள் நெருக்கமாக ஒட்டி நிற்கும் வடசென்னையில், ஒரு மாடியின் அலட்சியம் தெருவுக்கே காய்ச்சலாகும். டிக்கியா குழிவில் நீர் தேக்குவதில்லை. இந்தத் தெருக்களுக்கு அதை முதலில் பரிந்துரைக்க இதுவே போதுமான காரணம்.

புரோமிலியாடுகளில் பெரும்பாலானவை ஒருமுறை பூத்து, பக்கக்கன்றுகளை விட்டுவிட்டுத் தாம் மடிந்துவிடும். டிக்கியாவில் பூங்காம்பு பக்கவாட்டில் எழுவதால், மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ பூத்து முடித்த தாய்ச்செடி தொடர்ந்து வாழும். கன்று ஓரளவு வளர்ந்ததும், தடித்த கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிரித்து வேறு தொட்டியில் நடலாம். முள் கூர்மையானது; குழந்தைகள் ஓடும் வழியில் வைக்காதீர்கள். ஒரு செடி வாங்கினால் சில ஆண்டுகளில் அக்கம்பக்கத்து மாடிகளுக்கும் கன்று கொடுக்கலாம். தண்ணீருக்குத் தவிக்கும் தெருவிலும் பசுமைக்கு இடமுண்டு. செடியின் குணமறிந்து தேர்ந்தெடுத்தால் போதும்.