வீட்டுக் கணக்கு – 14: டீச்சரின் 31 பொட்டலங்கள்

சென்ற வாரம் தண்ணீர் கேனுக்கு வருஷத்தில் எவ்வளவு போகிறது என்று கூட்டிப் பார்த்தோம். அதைப் படித்துவிட்டு, எங்கள் வேளச்சேரி குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து டீச்சர் இறங்கி வந்தார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. லிஃப்ட் கிடையாது, முழங்கால் வலியோடு அத்தனை படியும் இறங்கியிருக்கிறார் என்றால் விஷயம் பெரியதுதான்.

"ஏம்மா, இந்த அமேசான் ப்ரைம் அடுத்த வாரம் முடியுதாம். புதுப்பிக்க 1,499 ரூபாய் எடுத்துக்குவோம்னு மெசேஜ் வந்திருக்கு. பையன் போட்டுக் குடுத்துட்டுப் போனான். வேணுமா வேணாமான்னு தெரியலை."

"இந்த ஒரு வருஷத்துல எத்தனை ஆர்டர் போட்டிருப்பீங்க டீச்சர்?"

"அதை யாரு எண்ணி வச்சிருக்காங்க?"

செல்போன் எண்ணி வைத்திருந்தது. 'யுவர் ஆர்டர்ஸ்' பகுதியைத் திறந்து, பழைய நோட்டு ஒன்றில் நான் எழுத, அவர் வாசித்தார். மொத்தம் 31 ஆர்டர்.

இங்கே ஒரு விவரம் சொல்லவேண்டும். அமேசான் தன் கிடங்கிலிருந்து அனுப்பும் பொருள்களை 499 ரூபாய்க்கு மேல் வாங்கினால், சந்தா கட்டாதவருக்கும் டெலிவரி இலவசம். அதற்குக் கீழே போனால்தான் பொதுவாக 40 ரூபாய். டீச்சரின் 31 ஆர்டர்களில் 19, 499-ஐத் தாண்டியவை. அவை சந்தா இல்லாமலே இலவசமாக வந்திருக்கும். மிச்சம் 12. பன்னிரண்டை நாற்பதால் பெருக்கினால் 480. அந்த 480 ரூபாயை மிச்சப்படுத்த டீச்சர் கட்டியது 1,499.

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்து மூணு வருஷம் கணக்கு எடுத்தேன்மா. இதை ஒரு நாளும் போட்டுப் பார்க்கலையே" என்றார். நம்மில் யார் போட்டுப் பார்த்தோம்?

டெலிவரி மட்டுமே ப்ரைம் இல்லை என்பது நியாயமான வாதம். ஒரே நாளில் வரும் வேகம், படம், பாட்டு, தள்ளுபடி விற்பனைக்கு முன்னதாகவே நுழைவு எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்காவில் 2005 பிப்ரவரியில் ஆண்டுக்கு 79 டாலருக்குத் தொடங்கியபோது இரண்டு நாளில் டெலிவரி என்பதே அதன் மையம். மற்றவை பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன, கட்டணமும் 139 டாலர் ஆனது. இந்தியாவுக்கு 2016 ஜூலையில் 499 ரூபாய் அறிமுக விலையில் வந்தது. அடுத்த ஆண்டே 999. 2021 டிசம்பரில் 1,499. மாதச் சந்தா 2023 ஏப்ரலில் 299 ஆனது. 2025 ஜூனிலிருந்து படத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறது. அது வேண்டாமென்றால் ஆண்டுக்கு இன்னொரு 699.

டீச்சர் வீட்டில் படம் பார்த்தது மே மாத விடுமுறைக்கு வந்த பேத்தி மட்டும்தான். அந்த ஒரு மாதத்துக்கு மாதச் சந்தா போதும்: 299. டெலிவரி மட்டும் வேண்டும், படமும் பாட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு ஆண்டுக்கு 399 ரூபாயில் ஷாப்பிங் எடிஷன் என்று ஒன்று இருக்கிறது. நடுவில் 799 ரூபாய்க்கு ப்ரைம் லைட். இவையெல்லாம் மாறக்கூடிய விலைகள். நீங்கள் புதுப்பிக்கும் நாளில் திரையில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்து அமேசான் தரும் கடன் அட்டை வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கும் போடவேண்டும். அந்தத் தளத்தில் வாங்குவதற்கு ப்ரைம் சந்தாதாரர்களுக்கு 5 சதவீதம் திரும்பி வரும்; மற்றவர்களுக்கு 3. வித்தியாசம் 2 சதவீதம். அதை வைத்து மட்டும் 1,499-ஐ மீட்க வேண்டுமானால் வருஷத்துக்கு 74,950 ரூபாய்க்குப் பொருள் வாங்கவேண்டும். அவ்வளவு வாங்குகிற குடும்பங்கள் வேளச்சேரியில் உண்டு. அவர்களுக்கு இது லாபம்தான், தாராளமாகக் கட்டலாம். டீச்சரிடம் அந்த அட்டை இல்லை.

எனக்கு அந்த 12 பொட்டலங்கள்தான் மனதை விட்டுப் போகவில்லை. ரிமோட்டுக்கு பேட்டரி. இரண்டு நாள் கழித்து டீ வடிகட்டி. அதே வாரம் ஒரு சீப்பு. முன்பெல்லாம் நம் வீடுகளில் மாதச் சாமான் லிஸ்ட் என்று ஒன்று இருந்தது. ஏதாவது தீர்ந்தால் உடனே ஓடமாட்டோம், லிஸ்டில் எழுதுவோம். முதல் தேதி வருவதற்குள் பாதிப் பொருள் தேவையில்லை என்று ஆகிவிடும். டெலிவரிக்குக் காசில்லை என்றதும் அந்தக் காத்திருப்பு போய்விட்டது. நினைத்தவுடன் விரல் அழுத்துகிறது. சந்தாவின் உண்மையான செலவு 1,499 அல்ல; கட்டியாகிவிட்டதே என்று நாம் கூடுதலாக வாங்குவதையும் அதோடு சேர்க்கவேண்டும்.

அந்தச் சீப்பைக் கொண்டுவந்த பையனையும் நினைத்துப் பார்க்கிறேன். மே மாத வெயிலில் நூறடி சாலை நெரிசலைக் கடந்து, எங்கள் சந்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, மூன்று மாடி ஏறியிருப்பான். நம் திரையில் இலவசம் என்று காட்டிய பயணத்துக்கு அவன் முதுகு விலை கொடுத்திருக்கிறது. இப்படி டெலிவரி செய்பவர்களுக்காகத் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் அறிவித்தார், வாரியமும் அமைந்தது. அது நல்ல தொடக்கம். மூன்று பொட்டலத்தை ஒன்றாக வரவழைப்பது நம்மால் முடிகிற காரியம்.

அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் வடியவே நாள்கணக்கானது. கார்களையெல்லாம் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். எந்தச் செயலியும் வேலை செய்யவில்லை, எந்தச் சந்தாவும் உதவவில்லை. மெழுகுவத்தியும் பால் பவுடரும் கொடுத்தது முனைக்கடை அண்ணாச்சி. கையில் பணமில்லை என்றதும் நோட்டில் எழுதிக்கொண்டார். பேட்டரியும் வடிகட்டியும் அவர் கடையில் எப்போதும் தொங்கும். நாம் வாங்கினால்தான் அடுத்த மழைக்கும் அந்தக் கடை அங்கே இருக்கும்.

காசு கட்டி உறுப்பினராகி வாங்குவது சென்னைக்குப் புதிதும் அல்ல. 1904-இல் திருவல்லிக்கேணியில் சிலர் சேர்ந்து கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். டியூசிஎஸ் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844-இல் காட்டிய வழி அது. பங்குப் பணம் கட்டியவர் கடைக்குச் சொந்தக்காரர்; லாபம் வந்தால் அவருக்கும் பங்கு. இன்றைய சந்தாவில் வருஷம் முடிந்ததும் நம் கையில் மிஞ்சுவது எதுவுமில்லை. உறுப்பினர் என்ற அதே சொல்லைத்தான் இரண்டுக்கும் சொல்கிறோம்.

டீச்சருக்கு வந்த அந்த மெசேஜும் தானாக வந்துவிடவில்லை. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது: கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தெரிவிக்கவேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள். நானே முன்பு ஒரு வீடியோ செயலிக்கு அப்படி ஒரு வருஷப் பணத்தை விட்டிருக்கிறேன்.

சேர்வது சுலபம், விலகுவதற்குத்தான் வழி தேடவேண்டும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் அமேசான் மீது தொடுத்த வழக்கில், ப்ரைமிலிருந்து விலகும் நடைமுறைக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று குறிப்பிட்டது. நீண்ட போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நம் நாட்டிலும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. விலக விடாமல் சுற்றவைக்கும் சந்தாப் பொறி அதில் ஒன்று. எந்த நிறுவனமானாலும் அப்படிச் சுற்றவைத்தால் 1915 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

டீச்சரும் நானும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தினோம். கட்டிய காலம் முடியும்வரை சந்தா ஓடும். 399 ரூபாய்த் திட்டத்தில் சேர்ந்தால் போன வருஷக் கணக்குப்படி 81 ரூபாய் மிச்சம் என்றேன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "முதல்ல லிஸ்ட் எழுதிப் பார்க்கிறேன். அந்தப் பன்னிரண்டு எவ்வளவு குறையுதுன்னு தெரியட்டும்" என்றார்.

நேற்று மாடிக்குப் போயிருந்தேன். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு தாள். கொசு பேட், தலையணை உறை, மிக்ஸி வாஷர். பக்கத்திலேயே விலை, கீழே கூட்டுத்தொகை: 412. வாஷரை மட்டும் அடித்துவிட்டு, எதிரே 'அண்ணாச்சி' என்று எழுதியிருந்தார்.

(தொடரும்)