கொய்யா திருடிய சிறுமி

ஜிம்பாப்வே எழுத்தாளர் நோவயலட் புலவாயோவின் முதல் நாவல் ‘வி நீட் நியூ நேம்ஸ்’ 2013இல் வெளிவந்தது. தகரக் கொட்டகைகள் நிறைந்த ஒரு குடியிருப்பில் வாழும் டார்லிங் என்ற பத்து வயதுச் சிறுமி, அமெரிக்காவில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அங்கே வாலிபப் பருவத்தை எட்டுவதுதான் கதை. பிள்ளைப் பருவத்திலிருந்து ஆளாகும் கதைகளுக்கு ஒரு வழக்கமான போக்கு உண்டு. அடிபட்டு, அலைந்து, கடைசியில் ஊருலகத்தில் தனக்கென்று ஓரிடம் பிடித்துவிடுவார்கள். டார்லிங்குக்கு நேர்வது இதன் மறுதலை. வயது ஏற ஏற, அவள் உரிமையோடு நிற்கக்கூடிய இடம் சுருங்கிக்கொண்டே போகிறது.

குடியிருப்பின் பெயர் பாரடைஸ். பக்கத்தில் பணக்காரர்கள் வாழும் பகுதிக்குப் பெயர் புடாபெஸ்ட். டார்லிங்கும் பாஸ்டர்ட், சிப்போ, காட்நோஸ், ஸ்போ, ஸ்டினா ஆகிய கூட்டாளிகளும் பள்ளிக்கூடம் இல்லாத பகல்களில் புடாபெஸ்ட்டுக்குப் போய்க் கொய்யா திருடித் தின்கிறார்கள். வயிற்றுக்கு அதுதான் சாப்பாடு. அளவுக்கு மிஞ்சித் தின்றால் மலம் கட்டிக்கொண்டு உயிர் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சிப்போவுக்குப் பதினோரு வயது. அவள் கர்ப்பமாக இருக்கிறாள். காரணம் சொந்தத் தாத்தா. இதை டார்லிங் சொல்லும் தொனியில் அதிர்ச்சி இல்லை, வயிறு பெரிதாகிவிட்டதால் சிப்போவால் முன்போல ஓட முடியவில்லையே என்ற குறைதான் இருக்கிறது. முதல் அத்தியாயத்தின் முடிவில், மரத்தில் தூக்கில் தொங்கும் ஒரு பெண்ணின் உடலைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பயந்து ஓடியவர்கள், காலில் கிடக்கும் ஷூவை விற்றால் ரொட்டி வாங்கலாம் என்று தோன்றியதும் திரும்பி ஓடுகிறார்கள். நாவலின் பலம் அத்தனையும் இந்தத் திரும்பி ஓடலில் தெரிந்துவிடுகிறது.

நாட்டின் பெயரை நாவல் எங்கும் சொல்வதில்லை. ஆனால் அடையாளங்கள் வெளிப்படையானவை. ஜிம்பாப்வேயில் ராபர்ட் முகாபே அரசு 2005 மே மாதம் தொடங்கிய ‘முரம்பட்ஸ்வினா’ நடவடிக்கையில் நகர்ப்புறக் குடியிருப்புகளும் சிறு கடைகளும் புல்டோசர் வைத்து இடிக்கப்பட்டன. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. அறிக்கை கணக்கிட்டது. பாரடைஸ் அப்படித் துரத்தப்பட்டவர்கள் வந்து ஒண்டிய இடம். டார்லிங்குக்கும் முன்பு செங்கல் வீடும் பள்ளிக்கூடமும் இருந்தன; இடித்த நாளின் புல்டோசர்கள் அவள் கனவில் வருகின்றன. இடிபாட்டின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையின் புகைப்படமே இந்த நாவலுக்குத் தூண்டுதல் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அடுத்து வரும் தேர்தலும், மாற்றம் வந்துவிட்டது என்று பெரியவர்கள் ஆடிப் பாடுவதும், பிறகு அடியாட்கள் வந்து போர்ன்ஃப்ரீ என்ற இளைஞனைக் கொல்வதும் 2008ஆம் ஆண்டின் ஜிம்பாப்வேயை நினைவூட்டுகின்றன. அதே ஆண்டு ஜூலையில் அந்நாட்டின் பணவீக்கம், அரசு சொன்ன கணக்குப்படியே, 23 கோடி சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

பிழைப்புத் தேடித் தென்னாப்பிரிக்கா போன டார்லிங்கின் அப்பா, எய்ட்ஸ் நோயோடு எலும்பும் தோலுமாகத் திரும்புகிறார். அவர் வந்திருப்பது வெளியே தெரியக்கூடாது என்பது வீட்டின் கட்டளை. முதலில் வெறுத்து விலகும் மகளும் அவளுடைய கூட்டாளிகளும் பிறகு படுக்கையைச் சுற்றி நின்று பாடி அவரைச் சிரிக்கவைக்கப் பார்க்கும் அத்தியாயம், நாவலின் ஆகச் சிறந்த பகுதிகளில் ஒன்று.

பாதிக்கு மேல் களம் மிஷிகன் மாநிலத்துக்கு மாறுகிறது. டிட்ராய்ட்டில் சித்தி ஃபோஸ்டலினா, கானா நாட்டைச் சேர்ந்த கோஜோ, அவருடைய மகன் டி.கே. ஆகியோர் அடங்கிய குடும்பம். கொய்யா மரத்தடியில் கனவு கண்ட அமெரிக்காவுக்குப் பதிலாகப் பனியும் அடைத்த கதவும் கிடைக்கின்றன. சித்தி ஃபோனில் உள்ளாடை ஆர்டர் செய்யும் காட்சி சிரிக்கவைத்துக்கொண்டே குத்துகிறது: அவர் பேசுவது நல்ல ஆங்கிலம்தான், மறுமுனையில் இருப்பவருக்கு அந்த உச்சரிப்பு பிடிபடவில்லை. வைத்துவிட்ட பிறகு கண்ணாடி முன் நின்று அதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். டார்லிங் கடையில் காலி பாட்டில்களைத் தரம் பிரிக்கிறாள், ஒரு பணக்கார வீட்டில் துப்புரவு வேலை செய்கிறாள். அந்த வீட்டுப் பெண் மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கிறாள். எண்ணிவிடக்கூடிய சில உலர்திராட்சைகளைக் காலை உணவு என்று எடுத்து வைப்பதைப் பார்த்து டார்லிங்கால் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

விசாக் காலம் முடிந்தபின் தங்கிவிட்டவள் டார்லிங். ஊருக்குப் போகலாம், ஆனால் திரும்பி வர முடியாது. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால் அமெரிக்காவை விட வேண்டும். அமெரிக்காவில் இருக்க வேண்டும் என்றால் அம்மா வெறும் தொலைபேசிக் குரலாகவே இருப்பார். ஆவணமின்றி வாழும் லட்சக்கணக்கானவர்களின் முடிச்சு இதுதான். நாடுவிட்டுப் போனவர்களைப் பற்றிய நாவல்கள் பல, ஏக்கத்தை மன நிலையாக மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். புலவாயோ அதைச் சட்டத்தோடும் சம்பளத்தோடும் சேர்த்துக் கட்டுகிறார்.

டார்லிங்கின் குரலை நிறுத்திவிட்டு ஒரு கூட்டமே பேசுவதுபோல் மூன்று சிறு அத்தியாயங்கள் இடையிடையே வருகின்றன. முதலாவது, வீடு இடிக்கப்பட்டவர்கள் பாரடைஸுக்கு வந்து சேர்ந்த விதம். இரண்டாவது, நாட்டை விட்டுக் கும்பல் கும்பலாக வெளியேறியது. ஒன்றிரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. மூன்றாவதில், படிக்க வந்து படிப்பை விட்டவர்கள், கிடைத்த வேலையெல்லாம் செய்தவர்கள், பெற்றோரின் சாவுக்குப் போக முடியாதவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். ஒரு சிறுமியின் கதை ஒரு தலைமுறையின் கதையாவது இங்கேதான்.

முடிவை நெருங்கும்போது, ஊரிலேயே தங்கிவிட்ட சிப்போவோடு டார்லிங் ஸ்கைப்பில் பேசுகிறாள். சிப்போவின் மகளுக்கும் டார்லிங் என்றே பெயர். நாட்டின் நிலையை எண்ணி இவள் வருத்தப்பட, அந்த வருத்தத்துக்கு உனக்கு என்ன உரிமை, எரிகிற வீட்டை விட்டு ஓடிப்போனவள்தானே என்று சிப்போ கேட்டுவிடுகிறாள். டார்லிங்கிடம் பதில் இல்லை, கணினியைத்தான் தூக்கி வீசுகிறாள். சிப்போ கேட்டது தவறு என்று நாவல் காட்டவில்லை.

ஆசிரியரின் வாழ்க்கையும் இதே தடத்தில் ஓடியதுதான். எலிசபெத் ஷெலே என்ற இயற்பெயருடன் 1981இல் சோலோட்ஷோவில் பிறந்தவர், குழந்தையிலேயே இழந்த தாயின் பெயரையும் புலவாயோ நகரத்தின் பெயரையும் சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டார். 18 வயதில் மிஷிகனிலுள்ள கலாமசூவுக்கு வந்து, பின்னாளில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியம் படித்தார். நாவலின் முதல் அத்தியாயம் தனிச் சிறுகதையாக 2011இல் ஆப்பிரிக்க எழுத்துக்கான கெய்ன் பரிசு பெற்றது. நாவல் 2013 புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்றது; கறுப்பின ஆப்பிரிக்கப் பெண் ஒருவர் அங்கே வந்தது அதுவே முதல்முறை.

எதிர்ப்பும் எழுந்தது. பசி, எய்ட்ஸ், தொண்டு நிறுவன லாரி, போலிப் பாதிரி என்று மேற்கத்திய வாசகர் எதிர்பார்க்கும் ஆப்பிரிக்காவை அப்படியே அரங்கேற்றுகிறது என்று நைஜீரிய நாவலாசிரியர் ஹெலோன் ஹபிலா ‘தி கார்டியன்’ இதழில் எழுதினார். பட்டியல் மிக நீளம் என்பது உண்மைதான். ஆனால் தொண்டு நிறுவனக்காரர்கள் கேமராவை நீட்டும் இடத்தில், தாங்கள் படம் பிடிக்கப்படுவது எதற்கு என்பதைப் பிள்ளைகள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். அப்போது எழும் கூச்சத்தையும் நாவல் எழுதிவைத்திருக்கிறது. உண்மையான பலவீனம் இரண்டாம் பாதியில் இருக்கிறது. அமெரிக்க அத்தியாயங்கள் துண்டு துண்டாக நிற்கின்றன, பாரடைஸ் பிள்ளைகளின் பேச்சில் இருந்த துடிப்பு அங்கே வடிந்துவிடுகிறது. அடுத்த நாவலான ‘குளோரி’யில் (2022) புலவாயோ குழந்தையின் குரலை விட்டுவிட்டு, முகாபேயின் வீழ்ச்சியை விலங்குகளின் நாட்டில் நடக்கும் கதையாக மாற்றிச் சொன்னார். அதுவும் புக்கர் குறும்பட்டியலுக்குப் போனது.