விடுமுறைக் கடற்கரையும் வீட்டார் பொறுப்பும்

தவக்காலத்தின் நடுவில் அமெரிக்காவிலிருந்து எனக்கொரு மடல் வந்தது. எழுதியவர் என் பழைய பங்கின் பாடற்குழுவில் பல்லாண்டுகள் பாடியவர். இப்போது நியூ ஜெர்சி மாநிலத்தில் குடும்பத்தோடு வாழ்கிறார். “சுவாமி, தோத்திரம்” என்று தொடங்கிய அம்மடலில் நலம் விசாரித்த வரிகள் இரண்டு. மற்றவை எல்லாம் மனக்கவலை. பதினேழு வயது நிரம்பிய மகன், பள்ளியிறுதி வகுப்பில் இருக்கிறான். வசந்தகால விடுமுறையில் வகுப்புத் தோழர் பன்னிருவரோடு ஃபுளோரிடாக் கடற்கரைக்குச் சென்றுவர அனுமதி கேட்கிறான். ஒரு தோழனுடைய தந்தை தம் பெயரில் வீடு பிடித்துத் தருகிறார். ஆனால் உடன் செல்லவில்லை. “வேண்டாம் என்றால், என்மேல் உங்களுக்கு நம்பிக்கையில்லையா என்கிறான், சுவாமி. என்ன சொல்வதென்று தெரியவில்லை” என்று மடல் முடிந்திருந்தது.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த விடுமுறையின் கதையைச் சற்று ஆராய்ந்த பின்னரே எழுதினேன். அமெரிக்காவிற்குப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அனுப்பியுள்ள குடும்பங்கள் நம் பங்குகளில் பெருகிவிட்ட இந்நாளில் அக்கதை மற்றவர்க்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முற்காலத்தில் அந்நாட்டின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இவ்விடுமுறைக்கு ‘ஈஸ்டர் விடுமுறை’ என்றே பெயர். ஆண்டவரின் பாடுகளையும் உயிர்ப்பையும் குடும்பத்தோடு கொண்டாட விடப்பட்ட நாள்கள் அவை. காலப்போக்கில் பெயர் மாறிற்று. நாளும் திருவிழாவை விட்டு விலகிற்று. இன்று மார்ச்சு மாதத்தில், பெரும்பாலும் தவக்காலத்தின் மையத்திலேயே, அது வந்து போகிறது. நோன்பிருக்க வேண்டிய வாரத்தில் குடியும் கூத்தும் என்றால், வேடிக்கையன்று, வேதனையே.

கடற்கரைக்கு இளைஞர் திரண்ட வரலாறு ஃபோர்ட் லாடர்டேல் என்னும் ஃபுளோரிடா நகரில் தொடங்குகிறது. அங்கு 1928-இல் ஒலிம்பிக் அளவுள்ள நீச்சல் குளம் ஒன்று கட்டப்பட்டது. 1930-களின் நடுவில், பனி மூடிய வட மாநிலங்களிலிருந்து கோல்கேட் முதலிய பல்கலைக்கழகங்களின் நீச்சல் அணியினர் பயிற்சிக்காக அங்கே வந்தனர். வெயிலும் மணலும் கண்டவர் ஊர் திரும்பித் தோழரிடம் சொல்லாமல் இருப்பரோ! தொடக்கம் இவ்வளவு குற்றமற்றது. பின்னர், கிளெண்டன் சுவார்த்தவுட் என்னும் பேராசிரியர் தம் மாணவரோடு சென்று கண்டவற்றை வைத்து ஒரு நாவல் எழுதினார். 1960-இல் அது திரைப்படமாகி நாடெங்கும் ஓடிற்று. மறு ஆண்டு வந்த மாணவர் தொகை ஏறத்தாழ 50,000. 1985-இல் அது ஏறத்தாழ 3,50,000 ஆயிற்று. அந்நகரில் நிலையாய் வாழ்ந்த மக்களோ ஒன்றரை இலட்சம் அளவினரே.

நகரத்தார் பொறுமையிழந்தனர். பொதுவிடத்தில் மதுக்குப்பியைத் திறந்து குடிக்கத் தடை விதித்தனர். நகர மேயராயிருந்த ராபர்ட் டிரெஸ்லர் நாடு முழுவதும் காணும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி, மாணவர் இனி வரவேண்டா என்ற கருத்தில் பேசினார். 1989-இல் வந்தவர் 20,000 பேர்தாம். ஊர் அமைதியடைந்தது, குடும்பங்கள் திரும்பி வந்தன.

ஆயினும் அந்த மேயரின் சொல்லைப் படித்தபோது எனக்கு வேறொன்றும் தோன்றியது. இருபத்தைந்து ஆண்டுகளாக அவ்விளைஞரை அழைத்தவர் யார்? விடுதி உரிமையாளரும் மதுக்கடைக்காரரும் பீர் ஆலைகளும் அன்றோ! பிள்ளையின் பையில் பணம் இருந்தவரை வாசலைத் திறந்து வைத்தவர், பிள்ளை வாந்தியெடுத்து வாசலில் விழுந்தபோது கதவைச் சாத்தினர். ஊதாரி மைந்தன் சென்ற தூர தேசத்திலும் இதுவே நிகழ்ந்தது. அவனுடைய சொத்து இருந்தவரை உடனிருந்தோரைப் பற்றி, பஞ்சம் வந்தபின் நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை.

கூட்டம் மறைந்துவிடவில்லை, இடம் மாறிற்று, அவ்வளவே. 1986-இல் எம்.டி.வி. தொலைக்காட்சி டேட்டோனா கடற்கரைக்குச் சென்று அக்களியாட்டத்தை வீட்டுக் கூடங்களுக்குள் கொண்டு வந்தது. அதன்பின் பனாமா சிட்டி பீச். மயாமி பீச்சு நகரமும் அண்மையில் இதே துன்பத்தைக் கண்டது: 2023-இல் அங்கே துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர், 2024-இல் அந்நகரம் ‘உன்னோடு உறவு முறிந்தது’ என்று விடுமுறைக்கே விளம்பரம் வெளியிட்டு, வாகனம் நிறுத்தும் கட்டணத்தை நூறு டாலராக உயர்த்தியது.

பனாமா சிட்டி பீச்சில் 2015-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நடந்ததைக் குறித்துச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். மாத இறுதியில் ஒரு வீட்டு விருந்தில் துப்பாக்கி வெடித்து எழுவர் காயமுற்றனர். அதைவிடக் கொடியது அதற்குச் சில நாள்கள் முன்னரே நிகழ்ந்திருந்தது. ஆனால் ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. வேறொரு வழக்கை விசாரித்த காவலர், ஒரு கைப்பேசியில் இருந்த படத்தைக் கண்டு திடுக்கிட்டனர். பட்டப்பகலில், கடற்கரை மணலில், தன்னினைவு இழந்த நிலையிலிருந்த ஓர் இளம்பெண்ணைச் சிலர் கூடிக் கெடுத்தனர். சுற்றிலும் நூற்றுக்கணக்கானோர் இருந்தனர். எவரும் தடுக்கவில்லை. எவரும் காவலரை அழைக்கவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், கல்லூரியில் பயில்வோர், ஞாயிறுதோறும் கோவிலுக்குச் சென்று வளர்ந்தோரும் பலர் இருந்திருப்பர்.

பெற்றோரே, நம் பிள்ளை அக்குற்றத்தைச் செய்யமாட்டான் என்று நாம் உறுதியாய்ச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சுற்றி நின்ற நூற்றுக்கணக்கானோரில் ஒருவனாய் இருக்கமாட்டான் என்று அதே உறுதியோடு சொல்ல முடியுமா? நல்ல சமாரியன் உவமையில் கள்வரைக் குறித்து ஆண்டவர் இரண்டொரு சொற்களே பேசுகிறார்; விலகிச் சென்ற குருவையும் லேவியனையும் தனித்தனியே நிறுத்திக் காட்டுகிறார். (குருவாகிய எனக்கு அப்பகுதியைப் பீடத்தில் வாசிக்கும்போதெல்லாம் குரல் சற்றே தாழ்ந்துவிடும்.) எரிக்கோ சாலையில் அவ்விருவரும் தனியே நடந்தவர்கள். இரைச்சலிட்டுக் கூத்தாடும் கூட்டத்தின் நடுவே நின்று, ‘நிறுத்துங்கள்’ என்று ஒருவன் உரக்கச் சொல்வதற்கு அதனினும் பெரிய நெஞ்சுரம் வேண்டும். மது அருந்தியவனுக்கு அவ்வுரம் எங்கிருந்து வரும்? மறு ஆண்டிலிருந்து அந்நகரம் மார்ச்சு மாதம் முழுவதும் கடற்கரை மணலில் மதுவைத் தடை செய்தது. தக்க சட்டமே. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது ஓராண்டு பிந்தி வந்தது.

இனி, என் நண்பர் வாழும் மாநிலத்திலேயே உள்ள ஓஷன் சிட்டி என்னும் கடற்கரை ஊரைப் பார்ப்போம். 1879-இல் லேக் என்னும் குடும்பப் பெயருடைய மெத்தடிஸ்டுப் போதகரான சகோதரர் மூவர், மற்றும் சிலரோடு சேர்ந்து, குடியிருப்பில்லாத ஒரு தீவில் கேதுரு மரத்தடியில் செபித்து, குடும்பங்கள் ஓய்வு கொள்ளத்தக்க ஊர் ஒன்றை நிறுவினர். மது விற்கலாகாது என்பது அவ்வூரின் அடித்தளச் சட்டம். இன்றுவரை அங்கே மதுக்கடை இல்லை. உணவகத்திற்கு அவரவர் மதுவைக் கொண்டுவரவாவது விடலாமா என்று 2012-இல் வாக்கெடுத்தபோது ஊரார் பெரும்பான்மையாய் மறுத்துவிட்டனர். கடலோரத்தில் நீண்டு கிடக்கும் மரப்பலகை நடைபாதையில் தாத்தாவும் பேரனும் கைகோத்து நடப்பதே அவ்வூரின் பெருமை.

அப்படிப்பட்ட ஊருக்கும் சோதனை வந்தது. போரில் மாண்டோரை நினைவுகூரும் மே மாத இறுதி விடுமுறையில், பதின்பருவத்தார் கைப்பேசி வழி ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு பெருங்கூட்டமாய் வந்து இறங்கினர். குடித்தல், அடிதடி, கடைகளில் களவு. 2023-இல் நகராட்சி கடும் விதிகளை வகுத்தது: கடற்கரை இரவு எட்டு மணிக்கு மூடப்படும், எட்டு மணிக்குமேல் முதுகுப்பை கொண்டுவரலாகாது, பதினெட்டு வயது நிரம்பாதோர் பெற்றோர் துணையின்றி இரவு பதினொரு மணிக்குமேல் வெளியில் நிற்கலாகாது. அவ்விதிகளுக்குப் பின்னரும் 2024-ஆம் ஆண்டு மே மாதம் அந்நடைபாதையில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் கத்தியால் குத்தப்பட்டான், உயிர் பிழைத்தான். அதே விடுமுறையில் அருகிலுள்ள வைல்டுவுட் நகரம் நெருக்கடி நிலையை அறிவிக்க நேர்ந்தது.

அம்மாநிலச் சட்டத்தின் ஒரு சிறு வரலாறு என் சிந்தையில் நெடுநேரம் நின்றது. 2021 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டத்தின்படி, வயது வராத ஒருவன் மதுவோடோ கஞ்சாவோடோ முதன்முறை பிடிபட்டால், காவலர் அவனை எச்சரித்து அனுப்பவேண்டும், பெற்றோர்க்குத் தெரிவித்தலாகாது! நல்லெண்ணத்தோடுதான் அவ்வாறு எழுதினர்: சிறு பிழைக்காக இளைஞர் காவல்துறையிடம், அதிலும் கறுப்பின இளைஞர், சீரழியலாகாது என்பது அவர்தம் நோக்கம். அந்நோக்கத்தை நான் குறைகூறேன். ஆனால் ஒரு மகன் விழுந்ததை ஊர்க்காவலன் அறியலாம், ஈன்ற தாய் அறியலாகாது என்பது என்ன நியாயம்? பெற்றோர் கொதித்தெழவே ஒரே மாதத்தில், அதாவது மார்ச்சு இறுதியில், அப்பகுதியைத் திருத்திப் பெற்றோர்க்குத் தெரிவிக்கவேண்டும் என்று ஆக்கினர்.

தெரிவித்தால் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் நாம் அனைவரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதுவும் பாஸ்கு விழாக் காலம், அதுவும் பெருங்கூட்டம், பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. பயணக் கூட்டத்தில் உறவினரோடு இருப்பார் என்று எண்ணிக்கொண்டு சூசையப்பரும் மரியன்னையும் ஒரு நாள் வழி நடந்துவிட்டனர். மாசற்ற கன்னிக்கும் நீதிமானாகிய சூசையப்பருக்குமே இது நேர்ந்ததெனில், நாம் எம்மாத்திரம்! ஆனால் காணவில்லை என்று அறிந்தவுடன் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். கூட்டத்தைப் பழிக்கவில்லை, ஆளனுப்பவில்லை. தாமே திரும்பி நடந்தனர். மூன்றாம் நாளில் கண்டனர். கண்டபின் தாய் கேட்ட கேள்வியில் வருத்தமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. அவர் தந்த மறுமொழி அவர்களுக்கு விளங்கவில்லை. எனினும் உடன் சென்று நாசரேத்தில் பணிந்து வாழ்ந்தார். விளங்காத மறுமொழிகள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு போலும்.

‘தோழரோடுதான் இருப்பான்’ என்னும் சொல்லை நம் பங்கின் தேர்த்திருவிழா இரவுகளிலும் நான் கேட்டிருக்கிறேன். அது சோம்பலின் சொல்லென்று ஒருகாலத்தில் கடிந்துகொண்டேன். இப்போது அது பெரும்பாலும் களைப்பின் சொல் என்றே எண்ணுகிறேன்.

புனித தொன் போஸ்கோ 1884-இல் உரோமையிலிருந்து தம் தூரின் இல்லத்தாருக்கு எழுதிய கடிதம் சலேசியர்க்குப் பொக்கிஷம். இளைஞரை நேசிப்பது மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்பது அதன் சாரம். விளையாட்டுத் திடலில் மேலாளர்கள் இளைஞரோடு கலவாமல் ஒதுங்கி நின்று உரையாடுவதைக் கண்டு அவர் மனம் நொந்து எழுதினார். கடற்கரைக்கு விதி வகுத்த நகராட்சிகளைப் பற்றிப் படித்தபோதெல்லாம் அக்கடிதமே நினைவில் வந்தது. காவலர் இருந்தனர்; வேலியும் அபராதமும் இருந்தன; திடலில் இறங்கிய பெரியவர் எங்கே?

இருந்தனர் சிலர். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை: பிரிந்த சகோதரராகிய பாப்திஸ்டு சபையினர் நம்மை முந்திக்கொண்டனர். அச்சபையைச் சேர்ந்த கல்லூரி மாணவரே விடுமுறையைத் துறந்து, பனாமா சிட்டி பீச்சுக்கு வருகின்றனர். இரவில் குடித்துத் தள்ளாடுவோரை வேனில் ஏற்றி இலவசமாக அவரவர் விடுதியில் இறக்கிவிடுகின்றனர். காலையில், ‘பான்கேக்’ என்னும் அப்பம் சுட்டு, கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கின்றனர். வண்டியில் செல்லும்போது பேச விரும்புவோரிடம் பேசுகின்றனர். செபிக்கட்டுமா என்று கேட்கின்றனர். எத்தனை பேர் மனந்திரும்பினர் என்ற கணக்கு எனக்கு வேண்டியதில்லை. அந்நேரத்தில் ஒரு பெண்ணை அவள் அறை வாசல்வரை பத்திரமாய்க் கொண்டு சேர்த்தார்களே, அது போதும்.

நண்பருக்கு நான் எழுதிய மறுமொழி சுருக்கமானது. அனுமதி கொடு, கொடாதே என்று நான் எழுதவில்லை. அங்கே இருபத்தைந்து வயது நிரம்பாதவர்க்கு வீடு வாடகைக்குத் தராத நிறுவனங்கள் பல. ஆகவேதான் ஒரு தந்தையின் கையெழுத்து தேவைப்படுகிறது. கையெழுத்திட்ட தந்தை அவ்வீட்டில் தங்காவிடில் அக்கையெழுத்துப் பொய் என்று எழுதினேன். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்க்கு அந்நாட்டில் மது சட்டவிரோதம் என்பதை மகனுக்கு நினைவூட்டச் சொன்னேன். பனாமா சிட்டி பீச்சில் நடந்ததை மறைக்காமல் அவனுக்குச் சொல்லி, ‘நீ அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்று கேட்டு, அவன் விடை சொல்லும்வரை காத்திருக்கும்படியும் சொன்னேன். கடைசியாக, உமக்கு ஐந்து நாள் விடுப்புக் கிடைக்குமா என்று கேட்டேன்.

அவர் விடை இரண்டே வரிகளில் வந்தது. விடுப்புக் கிடைத்துவிட்டதாம்; பையன்கள் தங்கும் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி மனைவியோடு ஓர் அறை எடுத்திருக்கிறாராம். மகன் மூன்று நாளாய்ப் பேசவில்லை, சுவாமி. ஆனால் நேற்று, அம்மா அங்கே வந்தால் தோசை சுடுவாளா என்று கேட்டான் என்று எழுதியிருந்தார்.